பார்சலோனா – வலென்சியா ரயில்: ஜன்னல் வழியாகக் கடல் தெரியுமா?

நங்கநல்லூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் ஸ்பெயின் போகிறோம். விசா வந்துவிட்டது. பார்சலோனாவிலும் வலென்சியாவிலும் தங்க இடம் போட்டாகிவிட்டது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் அந்த ஒரு நாள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மனைவிக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். ராமேஸ்வரம் வண்டியில் மண்டபம் தாண்டினால் போதும், எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுவிடுவாள். "ரெண்டு ஊரும் கடலோரமாத்தானே இருக்கு, அப்ப வழியெல்லாம் கடல் தெரியும்ல?" என்று தினமும் கேட்கிறாள். வரைபடத்தில் பார்த்தால் தண்டவாளம் கரையை ஒட்டித்தான் போகிறது. ஆனால் நம் ஊர் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கே கடல் தெரிகிறது? துறைமுகம்தான் மறைக்கிறது. அதனால் போய் வந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

எந்த வண்டி, எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? எனக்கு முழங்கால் வலி உண்டு. செங்குத்தான படி என்றால் சிரமம். பெரிய பெட்டி இரண்டு இருக்கும். இருவரும் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். வழியில் எங்கேயாவது இறங்கி ஊர் பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் ஒரு யோசனை. மகள் "பேசாம ஃபிளைட்ல போயிடுங்கப்பா" என்கிறாள். எங்கள் இருவருக்கும் அதில் மனசில்லை.


வேளச்சேரி வழிப்போக்கன்:

சார், விமானம் வேண்டவே வேண்டாம். தூரம் சுமார் 350 கிலோமீட்டர், நம்ம சென்னை – பெங்களூரு அளவுதான். யூரோமெட் என்று ஒரு வண்டி இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஏர்போர்ட்டுக்குப் போய் வரும் நேரத்தில் நீங்கள் வலென்சியாவிலேயே இருப்பீர்கள்.

ரென்ஃபே என்பதுதான் அரசு ரயில் நிறுவனம், அவர்கள் தளத்திலேயே டிக்கெட் எடுக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண் கொடுங்கள். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, தட்கல் எதுவும் கிடையாது. இடம் இருந்தால் டிக்கெட், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். இரண்டு மாதத்துக்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள்.


மயிலை மாடவீதி:

வணக்கம் சார். நானும் என் வீட்டுக்காரரும் இதே வழியில் போனோம், அதுவும் இதே மாதிரி கடல் ஆசையில். உங்கள் மனைவி கேட்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். யூரோமெட்டில் போனால் பார்சலோனாவிலிருந்து தாரகோனா வரை கடல் தெரியாது. 2020 ஜனவரியில் புதுப் பாதை திறந்த பிறகு அந்த வண்டி உள்நாட்டுப் பக்கமாக, அதிவேகப் பாதையில் போகிறது. பழைய பயணக் கட்டுரைகளில் "கிளம்பியதிலிருந்தே கடல்" என்று படித்திருந்தால் அதெல்லாம் அதற்கு முன்னால் எழுதியவை. அப்போது சலோவ், காம்ப்ரில்ஸ் என்று கரையோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு போன தண்டவாளத்தில், சலோவுக்குத் தெற்கே இப்போது ரயிலே ஓடுவதில்லை.

கடல் வேண்டுமென்றால் இரண்டு துண்டு இருக்கிறது. அதில் நல்ல துண்டு மெதுவாகப் போகும் சாதாரண வண்டியில். பார்சலோனா சாந்த்ஸ் ஸ்டேஷனில் தாரகோனா போகும் ரீஜனல் வண்டியில் ஏறுங்கள். முன்பதிவு கிடையாது, எந்த சீட்டிலும் உட்காரலாம். இடது பக்க ஜன்னல். ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரம் குடோன், அடுக்குமாடி, விமான நிலையப் பக்கம் என்று ஒன்றுமில்லாமல் போகும். காஸ்டெல்டெஃபெல்ஸ் தாண்டியதும் காராஃப் மலை நேராகக் கடலில் வந்து இறங்குகிறது. ரயில் அந்த மலையைக் குடைந்துகொண்டு போகிறது. சுரங்கம், வெளிச்சம், காலடியில் கடல், மறுபடி சுரங்கம். என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்குவதற்குள் இருட்டிவிடும், இறக்குவதற்குள் மறுபடி நீலம். கடைசியில் கேமராவைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அப்புறம் சிட்ஜெஸ். தாரகோனாவை நெருங்கும்போது தண்டவாளத்துக்கும் மணலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத இடங்கள் வரும். தாரகோனா ஸ்டேஷனே கடலைப் பார்த்துத்தான் நிற்கிறது. மொத்தம் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய.

இதை நீங்கள் பெட்டியோடு போகும் நாளில் செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பார்சலோனாவில் தங்கியிருக்கும்போதே ஒரு நாள் கையை வீசிக்கொண்டு தாரகோனா போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுங்கள். காரணம் இருக்கிறது. தாரகோனாவில் இரண்டு ஸ்டேஷன். ரீஜனல் வண்டி நிற்பது ஊருக்குள், கடலோரத்தில். யூரோமெட் நிற்பது காம்ப் தெ தாரகோனா என்ற இடத்தில். அது ஊருக்கு வெளியே, பத்து கிலோமீட்டருக்கு மேல், வயல்வெளிக்கு நடுவில். பெயரில் தாரகோனா இருக்கிறதே என்று இறங்கினால் கடலும் இருக்காது, ஊரும் இருக்காது. இரண்டு பெட்டியோடும் முழங்கால் வலியோடும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ் பிடித்து அல்லாடுவதற்கு இது என்ன அவசர வேலையா?

கையை வீசிக்கொண்டு போனால் அந்த ஊர் அவ்வளவு அழகு. கடலுக்கு மேலே ரோமானியர் காலத்து வட்ட அரங்கம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. மேல் படியில் உட்கார்ந்தால் கீழே மணல் தரை, அதற்கப்பால் நேராக மத்தியதரைக் கடல், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. 259-ஆம் ஆண்டு பிஷப் பிரக்டுவோசுஸையும் அவருடைய உதவியாளர் இருவரையும் அங்கேதான் உயிரோடு எரித்தார்கள். பின்னால் அந்த இடத்திலேயே ஒரு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது அரங்கத்தின் தரையில் அந்தச் சர்ச்சின் இடிந்த சுவர்கள் சிலுவை வடிவத்தில் அப்படியே தெரிகின்றன. சாந்தோம் பக்கமே வாழ்நாளெல்லாம் குடியிருந்தவள் நான். கடலும் வேதசாட்சியும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்தபோது எழுந்து வரவே மனசு வரவில்லை. முழங்காலுக்காக ஒன்று சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போவது மேடு, வழியில் படிகளும் உண்டு. போகும்போது டாக்ஸி எடுங்கள், திரும்பும்போது இறக்கம்தான்.

வலென்சியா போகும் நாளில் நேராக யூரோமெட். அதிலும் இடது பக்கம்தான் கடல், தாரகோனாவுக்குத் தெற்கே வரும். லாமெட்யா தெ மார், லாம்போயா பக்கம் கொஞ்சம் நேரம் நன்றாகத் தெரியும். பாம்பன் பாலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கே கடல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அவ்வளவுதான். ஆனால் அதைத் தொடர்ந்து எப்ரோ ஆறு கடலில் சேரும் சமவெளி வருகிறது. நாகப்பட்டினத்துக்காரருக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் பெரிய ஆற்றுக்குக் கடைமடை அது, முழுக்க நெல் விளையும் மண். சித்திரை, வைகாசி வாக்கில் நட்டு செப்டம்பரில் அறுக்கிறார்கள். நீங்கள் போகும்போது அறுப்பு முடிந்தோ, முடியும் நிலையிலோ இருக்கும். அதற்குத் தெற்கே, காஸ்டெயோன் நெருங்க நெருங்க, ஆரஞ்சுத் தோப்பு. செப்டம்பரில் காய் பச்சையாகத்தான் இருக்கும், இலைக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரிய உற்றுப் பார்க்க வேண்டும்.

சீட் வரைபடத்தில் வண்டி எந்தத் திசையில் போகும் என்று சரியாகப் புரியாது. வலது பக்கம் அமைந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். நடுவில் கஃபேட்டீரியா பெட்டி இருக்கிறது, ஒரு காபியை வாங்கிக்கொண்டு அங்கே ஜன்னலோரமாக நிற்கலாம். மதியத்துக்கு மேல் கிளம்பும் வண்டியாகப் பாருங்கள். காலையில் போனால் சூரியன் கடல் பக்கமே இருந்து கண் கூசும். மதியத்துக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடலின் நிறம் ஒழுங்காகத் தெரியும்.


பெரம்பூர் பெட்டி:

மாடவீதி அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் படி விஷயத்தை நான் சொல்கிறேன்.

சார், உங்கள் முழங்காலுக்கு அந்த வண்டி நல்ல வண்டி. யூரோமெட்டில் ஓடுவது டால்கோ என்ற ஸ்பெயின் நிறுவனத்தின் பெட்டிகள். நம் பெட்டி 20 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு முனையிலும் அடியில் நான்கு சக்கரம் பூட்டிய சட்டம் (போகி), தரை அதற்கு மேலே உட்காரும். அதனால்தான் பிளாட்பாரம் தாழ்ந்த ஸ்டேஷன்களில் ஏணி மாதிரி ஏறுகிறோம். டால்கோ பெட்டி 13 மீட்டர்தான். இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு ஜோடிச் சக்கரம், பெட்டிக்கு அடியில் ஒன்றும் கிடையாது. அதனால் தரையை அவ்வளவு தாழ்வாக வைக்க முடிகிறது. பெரும்பாலும் ஒரு சின்னப் படிதான் இருக்கும். 2016-ல் டால்கோவை டெல்லி – மும்பைப் பாதையில் நம் ஆட்களும் ஓட்டிப் பார்த்தார்கள், ஞாபகம் இருக்கலாம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1676 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதை 1668. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! உலகத்தில் பெரும்பாலான இடங்களில் 1435. ஸ்பெயின்காரர்கள் புது அதிவேகப் பாதைகளைப் பெரும்பாலும் அந்த 1435-இல் போட்டுவிட்டார்கள். அப்போது பழைய பாதையும் புதுப் பாதையும் சேருமிடத்தில் என்ன செய்வது? நாம் மீட்டர் கேஜ் காலத்தில் விழுப்புரத்திலும் திருச்சியிலும் இறங்கி வண்டி மாறினோமே, அதுதான் வழி. ஆனால் டால்கோவில் சக்கரமே இடம் மாறிவிடும். பார்சலோனாவிலிருந்து வரும் உங்கள் வண்டி தாரகோனா தாண்டி லா போயெயா என்ற இடத்தில் ஒரு கொட்டகைக்குள் மெதுவாக ஊர்ந்து போகும். அங்கே பெட்டியின் எடையைப் பக்கவாட்டுத் தாங்கிகள் ஏற்றுக்கொள்ளும். சக்கரத்தின் பூட்டுத் திறக்கும், வழிகாட்டித் தண்டவாளம் சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளும், மறுபடி பூட்டிக்கொள்ளும். நிற்கக்கூட நிற்காது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. 1969-லேயே பார்சலோனா – ஜெனீவா வண்டியில் இதைச் செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் வண்டி மெதுவானதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இதற்காகவே ஒரு தடவை போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நேரம் இருந்தால் விலானோவா இ லா ஜெல்ட்ரு ஊரில் ரயில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு, தாரகோனா ரீஜனல் வண்டி போகும் வழியில், ஸ்டேஷனை ஒட்டியே. பழைய நீராவி எஞ்சின் கொட்டகைதான் அருங்காட்சியகம். மனைவிக்கு இன்னும் கடல் வேண்டுமென்றால் பார்சலோனாவிலிருந்து வடக்கே மாத்தாரோ போகும் புறநகர் வண்டியில் ஏற்றிவிடுங்கள். 1848 அக்டோபர் 28-ல் ஸ்பெயின் மண்ணில் ஓடிய முதல் ரயில் பாதை அது. நம் ராயபுரத்தில் 1856-ல்தான் வண்டி கிளம்பியது. அலை அடிக்கிற கரையிலேயே தண்டவாளம் போகிறது, கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுகிற அளவுக்குப் பக்கம்.


நங்கநல்லூர்க்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எப்ரோ நெல்வயல் என்றதும் "அறுப்பு முடிஞ்சிருந்தாலும் பரவால்ல, பார்க்கணும்" என்கிறாள். தாரகோனாவைத் தனி நாளாக வைத்துவிட்டோம். வலென்சியாவுக்கு மதிய யூரோமெட்.

இன்னும் இரண்டு சந்தேகம். சாப்பாட்டை வண்டிக்குள் கொண்டு போக விடுவார்களா? மனைவி புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நெய் எல்லாம் கட்டுவதாக இருக்கிறாள். அப்புறம் சாந்த்ஸ் ஸ்டேஷனில் பெட்டி சோதனை உண்டு என்கிறார்களே, எவ்வளவு முன்னால் போக வேண்டும்?


மயிலை மாடவீதி:

நெய்யை மட்டும் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள் சார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எல்லாம் அதில் அடங்கும். பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. நெய்க்குப் பதிலாக அங்கே நல்ல ஆலிவ் எண்ணெய் கிடைக்கும். பருப்புப்பொடிக்கு அது அவ்வளவு பொருத்தம், ஊருக்கு வந்த பிறகும் நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

ரயிலுக்குள் உங்கள் சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். நாங்கள் கிளம்பும் நாள் காலையில் சூப்பர் மார்க்கெட்டில் சூடு பண்ணி சாப்பிடும் வெள்ளைச் சாதக் கப் இரண்டு, இனிப்பில்லாத தயிர், ஒரு மாதுளம்பழம் வாங்கினோம். அறையில் இருந்த மைக்ரோவேவில் சாதத்தைச் சூடாக்கி, கையால் நன்றாக மசித்து, உப்புப் போட்டுத் தயிரைக் கலந்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டேன். சாந்த்ஸில் நெடுந்தூர வண்டிகளுக்குத் தனி வாசல். அங்கே பெட்டிகளை எக்ஸ்ரே பெல்ட்டில் விடுகிறார்கள். பெட்டியெல்லாம் போய்விட்டது, என் டப்பாவை மட்டும் நிறுத்தித் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வெள்ளைச் சாதம், மேலே சிவப்பாக மாதுளை முத்து, ஓரத்தில் துளி மாவடு. சோதனை செய்த அந்தப் பெண் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் மூடிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டி, "புவென் ப்ரொவேச்சோ" என்றார். சாப்பிடப் போகிறவர்களுக்கு அவர்கள் சொல்லும் வாழ்த்து அது. எப்ரோ தாண்டும்போது டப்பாவைத் திறந்தோம்.

வெளியில் வாங்கினால் கவனம். அவர்கள் தோர்த்தியா என்று கொடுக்கும் உருளைக்கிழங்கு அடையில் முட்டை உண்டு, அது உங்களுக்கு ஆகாது. சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீனைத் தூவிக் கொடுத்துவிடுவார்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, மீனையும் முட்டையையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "சின் கார்னே, சின் பெஸ்காடோ, சின் உவெவோ" என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள். தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பச்சை மிளகாய், சுட்ட கத்தரிக்காய் குடைமிளகாய் இதெல்லாம் நம்பிச் சாப்பிடலாம். வலென்சியாவின் பாயெயா என்ற சோற்றில் கோழியும் முயலும் போடுவார்கள். காய்கறி பாயெயா என்று தனியாக உண்டு, ஆனால் எந்தத் தண்ணீரில் வேக வைத்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். ஓர்ச்சாத்தா என்று ஒரு பானம் இருக்கிறது, கோரை இனத்துக் கிழங்கை அரைத்துப் பிழிவது. பால் கிடையாது, ஜில்லென்று இருக்கும். இருவரும் தைரியமாகக் குடிக்கலாம். பக்கத்தில் அல்போராயா என்ற ஊர்தான் அதற்குப் பெயர் போனது.

நேரம்: முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வண்டி கிளம்ப 2 நிமிடம் இருக்கும்போது வாசலை அடைத்துவிடுவார்கள், நம்ம ஊர் மாதிரி ஓடிவந்து ஏற முடியாது. பிளாட்பாரம் எண் கடைசி நேரத்தில்தான் பலகையில் வரும். அந்தப் பலகையை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு வசதி. ஒருவர் பலகையைப் பாருங்கள், ஒருவர் பெட்டியைப் பாருங்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும்.

60 வயது தாண்டியவர்களுக்கு ரென்ஃபேயில் டார்ஜெட்டா டொராடா என்று ஒரு சலுகை அட்டை உண்டு. பார்சலோனாவில் இறங்கியதும் ஸ்டேஷன் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். இங்கே மூத்த குடிமக்கள் சலுகையை 2020-இல் நிறுத்தியதிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை, அங்கே அது இன்னும் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது.


பெரம்பூர் பெட்டி:

கடைசியாக ஒன்று, இறங்கும் இடம். உங்கள் வண்டி நிற்பது ஹோவாகீன் சோரோயா ஸ்டேஷனில். 1863-ல் வலென்சியாவில் பிறந்து கடற்கரைக் காட்சிகளாக வரைந்து தள்ளிய ஓவியர் பெயர் அது. ஸ்டேஷன் 2010-ல் வந்தது, பெரிதாக அழகு ஒன்றும் இல்லை. அங்கிருந்து பழைய ஸ்டேஷனான எஸ்தாசியோ தெல் நோர்துக்கு இலவச பஸ் விடுகிறார்கள், ரயில் டிக்கெட்டைக் காட்டினால் போதும். நடந்தாலும் பத்து நிமிடம்தான், ஆனால் பெட்டியோடு நடக்க வேண்டாம்.

பழைய ஸ்டேஷன் 1917-ல் திறந்தது, தெமெத்ரியோ ரிபேஸ் கட்டியது. முகப்பு முழுக்கப் பீங்கானில் ஆரஞ்சுப் பழமும் ஆரஞ்சுப் பூவும். உள்ளே பழைய மரக் கவுண்டர்கள். சுவரில் பல மொழிகளில் பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று மொசைக்கில் பதித்திருக்கிறார்கள். ஊர் நடுவில் இருப்பதால் உங்கள் ஹோட்டலுக்கும் அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது சுலபம். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், ஏதாவது வேலைநிறுத்த அறிவிப்பு வந்தால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.